ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன ரேடியோ

குணசீலன் அண்ணாச்சி பொய் சொல்லுகிறார். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, காது மந்தம், நடக்கக் கம்பு வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பொய் பொய்தான்.

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். "செல்போன் கம்பெனிக்காரங்க அடுத்த போன்ல என்ன வரப்போகுதுன்னு ஏன் சார் மூடி மூடி வைக்கிறாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டானாம். அண்ணாச்சிக்கு அது போதுமே! "எங்க ரேடியோ கம்பெனில ஒரு பிள்ள இருந்தா. ஓட்டை வாய். அவ வாயத் தொறந்த கதையச் சொல்லுதேன், உங்களுக்கே வெளங்கும்" என்று ஆரம்பித்து அரங்கத்தையே சிரிக்க வைத்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் என் அண்ணன் பேத்தியும் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "பாட்டி, உங்க ஊர்ல ஒரு லூசு இருந்துச்சாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடமே கேட்டாள்.

நான்தான் அந்த லூசு. (அதற்குப் பிறகு அவள் கொஞ்ச நாள் என் கண்ணில் படவில்லை.)

நான் வாயைத் திறந்தது உண்மை. எந்தக் காலத்திலும் அதை இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அண்ணாச்சி எப்போதும் பாதிக் கதையில் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மீதிப் பாதியோடு சேர்த்து நான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பத்தொன்பதோ இருபதோ. தூத்துக்குடியில் அப்போது பெண்பிள்ளை வேலைக்குப் போனால் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், ஆஸ்பத்திரிக்குப் போவாள், மில்லுக்குப் போவாள், இல்லையென்றால் உப்பளத்துக்குப் போவாள். நான் ரேடியோ கம்பெனிக்குப் போனேன். கம்பெனி என்பது பெயருக்குத்தான். உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. குணசீலன் அண்ணாச்சி முதலாளி. அவரும் அப்போது இளவட்டம்தான், கடை வைத்திருந்ததால் அண்ணாச்சி. மந்திரமூர்த்தி அண்ணன் மெக்கானிக். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரர், கடலைக் கண்டால் பயம். நான் பற்றவைப்பு வேலை. மெட்ராஸிலிருந்து வருகிற சின்னச் சின்ன உருப்படிகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்து, மரப்பெட்டிக்குள் வைத்து மூடினால் டிரான்சிஸ்டர் ரேடியோ. வாங்குகிறவர்கள் எல்லாம் எங்கள் கடற்கரை ஆட்கள். வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறபோது பாட்டு வேண்டும் அவர்களுக்கு.

எனக்கு இந்த வேலை எப்போது போகும் என்று எங்கள் தெருவே காத்துக்கொண்டிருந்தது. "சூட்டுக் கம்பியப் புடிச்சு என்னத்தளா கிழிக்கப் போற?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அம்மாவும் அவர்கள் கட்சி. வேலை போனால் மறுநாளே பஸ் ஏற்றி நாசரேத்துக்கு அனுப்பிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். அங்கே ஒரு விடுதியில் சித்தி சமையல் பார்த்தாள், அவளுக்குக் கையாள் வேண்டும். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. (அந்த விடுதிப் பிள்ளைகளுக்காகவாவது என் வேலை நிலைத்திருக்க வேண்டும்.)

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன்.

ரேடியோவுக்கு முதல் எதிரி கடல். அலையில் வள்ளம் ஒரு ஆட்டம் ஆடினால் ரேடியோ தண்ணீருக்குள். போனது போனதுதான். இதற்கு மந்திரமூர்த்தி அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். கெட்டி பிளாஸ்டிக் பெட்டி, மூடியைச் சுற்றி ரப்பர், ஸ்பீக்கருக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள், பெட்டியின் உள்சுவரில் வலைக்குக் கட்டுகிற மிதவைக் கட்டை. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும் ரேடியோ! கணுக்கால் அளவுக்கு மேல் கடலில் இறங்காத மனிதர் அதைப் பின்பக்கம் இருந்த சிமெண்டுத் தொட்டியில் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தொட்டியைச் சுற்றிச் சாக்குப் படுதா. வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. "ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, சொன்ன ஆளோட வேலையும் போச்சு" என்றார் அண்ணாச்சி. காரணமும் சொன்னார். "புதுசு வருதுன்னு தெரிஞ்சா இருக்கிற சரக்க ஒருத்தனும் வாங்க மாட்டான். பஜார்க்காரன் காதுல விழுந்தா அவன் முந்திக்கிடுவான். சொன்னபடி வரலைன்னா ஊரே காறித் துப்பும்."

நியாயமான பேச்சு. மூன்றும் ஒரே வாரத்தில் என்னால் நடந்தன.

பஜாரில் ஒரு பெரிய ரேடியோ கடை இருந்தது. அதன் விற்பனை ஆள் செல்வின். கருப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டை, சைக்கிளின் இரண்டு பக்கமும் ரேடியோ. வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் நடக்கிற நேரம் பார்த்து வருவான். அன்றைக்கு என் அண்ணன் லூர்துவின் வள்ளத்தில் குழம்பு மீன் வாங்க நான் போயிருந்தேன்.

"என்ன பிலோமினா, உங்க ரேடியோ இப்பவும் பாடுதா, இல்ல இருமுதா?" என்றான் செல்வின்.

கூட்டம் சிரித்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். லூர்து அண்ணனும் சிரித்தான்.

"ஏலே செல்வின், ஒன் டப்பாவ இங்கன தண்ணில போடுலே பாப்பம்! முங்கிச் செத்துப் போவும். எங்க கம்பெனில ஒண்ணு வரப்போவுது. கடல்ல தூக்கிப் போட்டாலும் மெதக்கும். மெதந்துக்கிட்டே பாடும்!"

ஏலம் நின்றுவிட்டது. மீன் விலையைக் கேட்க ஆள் இல்லை.

"மெய்யாவா சொல்லுத?" என்றான் அண்ணன்.

"மாதா மேல சத்தியம்" என்றேன் நான்.

மிதக்கும் என்றது உண்மை. பாடும் என்றது, மாதா என்னை மன்னிக்கட்டும். தொட்டியில் அந்த ரேடியோ பாடியதே இல்லை. போட்டவுடன் குப்புறக் கவிழ்ந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான்.

மறுநாளே கம்பெனி வாசலில் ஆட்கள். வாங்க அல்ல, வேண்டாம் என்று சொல்ல. "அண்ணாச்சி, மெதக்குறது வரட்டும். வாங்கிக்கிடுதோம்." செய்து அடுக்கியிருந்த ரேடியோப் பெட்டிகள் கூரையை முட்டிக்கொண்டு அப்படியே நின்றன. அடுத்த நாள் திருச்செந்தூர் பஸ்ஸில் இதுதான் பேச்சாம். அதற்கடுத்த நாள் பஜார்க் கடை வாசலில் பலகை தொங்கியது: "மிதக்கும் ரேடியோ, விரைவில், இங்கே மட்டும்."

இதெல்லாம் போதாதென்று லூர்து அண்ணன் வந்தான். கையில், எங்கள் கம்பெனியின் பழைய மரப்பெட்டி ரேடியோ. தண்ணீர் சொட்டியது.

"என்னண்ணே செஞ்ச?"

"கடல்ல போட்டேன்."

"வரப்போறதுதான் மெதக்கும்னு சொன்னேன்லா!"

"கம்பெனி ஒண்ணுதானளா? மகன் நீந்துவான்னா அப்பன் நீந்த மாட்டானா?"

எங்கள் வழக்கத்தில் புது வலையோ, பாய்மரத்துக்குப் புதுப் பாயோ, எதுவானாலும் கடலில் ஒரு முக்கு முக்கிவிட்டுத்தான் வள்ளத்தில் ஏற்றுவார்கள். ரேடியோவை மட்டும் இத்தனை நாள் விட்டு வைத்திருந்தார்கள். நான் சொன்னதை நம்பி அவனும் கூட்டாளிகளும் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள். மந்திரமூர்த்தி அண்ணன் பெட்டியைத் திறந்தார். பாசியும் மணலும் கொட்டின, பின்னாலேயே ஒரு குட்டி நண்டும் நடந்து வந்தது. (அவர் மேசை மேல் ஏறி நின்றார். இதை அவர் பிள்ளைகள் நம்புவதில்லை.)

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். குரல் இறங்கிக்கொண்டே போகும். அன்றைக்கு அவர் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"பாடும்னு நீதானளா சொன்ன? பாட வையி. வார ஞாயித்துக்கிழம, கோயில் பூச முடிஞ்சு எல்லாரும் கடக்கரைக்கு வருவாங்கல்லா? அங்கன வச்சுக் காட்டு. இல்லன்னா திங்கக்கெழம நீ வர வேண்டாம்."

நாசரேத் விடுதியின் அடுப்புப் புகை அப்போதே என் கண்ணில் எரிந்தது.

மந்திரமூர்த்தி அண்ணனுக்கும் எனக்கும் அந்த வாரம் சாப்பாடு தொட்டிக்கரையில்தான். "மெதக்கும்னு மட்டும் சொல்லிருக்கலாம்லா, தங்கச்சி? பாடும்னு எதுக்குச் சொன்ன?" என்று புலம்பிக்கொண்டே வேலை பார்த்தார். கவிழ்வதற்குக் காரணம் கனமெல்லாம் மேலே இருப்பதுதான் என்று அவருக்குத் தெரியும். கனத்தைக் கீழே கொண்டு போகப் பெட்டியை முழுக்க மாற்ற வேண்டும். ஒரு வருடமாக அண்ணாச்சி அதற்குச் சம்மதிக்கவில்லை. இப்போது யாரையும் கேட்க நேரமில்லை. பேட்டரிக் கட்டைகளை அடியில் கொண்டுபோய் வைத்தார். நான் வயர்களை நீட்டிப் பற்றவைத்தேன். விரலில் கொப்புளம் இல்லாத இடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை தொட்டியில் போட்டோம். ஒரு முங்கு முங்கி மேலே வந்தது. நிமிர்ந்து நின்றது. பாடியது!

நான் அழுதேன். மந்திரமூர்த்தி அண்ணன் அழுதார். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "சத்தம் கம்மிதான். இன்னும் கொஞ்சம் பாத்துட்டு..." என்றார். நான் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வேறு, ஆட்டம் பாட்டம் கூடாத நாட்கள். பூசை முடிந்த கூட்டம் அப்படியே கடற்கரைக்கு வந்துவிட்டது. கரை நெடுக வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. செல்வினும் வந்திருந்தான். கையில் அவர்கள் கடை மிதக்கும் ரேடியோ. பழைய ரேடியோவைச் சுற்றி வலை மிதவைகளைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தான். பார்க்க, கல்யாண வீட்டுக்குப் போகிற பலாப்பழம் மாதிரி இருந்தது.

மந்திரமூர்த்தி அண்ணன் எங்கள் ரேடியோவின் கைப்பிடியில் நீளமான ஒரு நைலான் கயிற்றைக் கட்டி வைத்திருந்தார். புத்தி உள்ள மனிதர்.

செல்வின் அதைப் பார்த்தான். "கயித்துல கட்டித் தொங்கவிட்டா என் செருப்புகூட மெதக்கும்!"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் மீன் வெட்டுகிற கத்தி கிடந்தது. மந்திரமூர்த்தி அண்ணன், "வேண்டாம் தங்கச்சி!" என்று கத்துவதற்குள் நான் கயிற்றை அறுத்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீருக்குள் போய், இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ரேடியோவை வீசி எறிந்தேன்.

முங்கியது. மேலே வந்தது. நிமிர்ந்தது. பாடியது.

கரை முழுக்க விசில். லூர்து அண்ணன் வேட்டியை அவிழ்த்துச் சுற்றினான். (உள்ளே நிக்கர் போட்டிருந்தான்.) செல்வின் வேறு வழியில்லாமல் தன் பலாப்பழத்தைப் போட்டான். கயிறு நழுவ, மிதவைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து அழகாக மிதந்தன. ரேடியோ மட்டும் நேராகக் கீழே போனது.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எல்லோரும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலை நேரம் கரையிலிருந்து கடலுக்குத்தான் காற்று அடிக்கும். ரேடியோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே! வள்ளத்த எறக்கு!"

லூர்து அண்ணன் அசையவில்லை. "ஞாயித்துக்கிழமையளா!"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வள்ளம் தண்ணீரைத் தொடாது. ஊர்க் கட்டுப்பாடு. இறக்கினால் அபராதம், அதைவிட மோசம் அம்மாக்களின் வாய். நாள் குறித்த அண்ணாச்சி கடல் தொழில் குடும்பம் இல்லை, அவருக்கு இது தெரியாது. நான் அந்த மணலில் பிறந்தவள், எனக்குத் தெரியும். கயிற்றை அறுக்கும்போது நினைவில் இல்லை. ஊர் வள்ளம் அத்தனையும் மணலில் கிடக்க, ஊர் நீச்சல்காரர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, எங்கள் கம்பெனியின் ஒரே ஒரு புது ரேடியோ பிரிவுப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே கடலுக்குள் போனது. இரண்டு பையன்கள் நீந்திப் போய், மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார்கள். பாட்டு முடிந்து பற்பொடி விளம்பரம் மெல்லக் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

சத்தம் கேட்டு, காலையில் பூசை வைத்த சாமியார் வந்தார். "தவக்காலத்துல யாரு சினிமாப் பாட்டுப் போடுறது?" என்றார். எல்லோரும் கடலைக் கை காட்டினார்கள். பிறகு என்னைக் காட்டினார்கள்.

அண்ணாச்சியின் உதடு அசைந்தது. நாளைக்கு வராதே என்றது. செல்வின் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

கல்லூரியில் அண்ணாச்சி இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டாராம். "அதனாலதான் தம்பிகளா, கம்பெனிக்காரன் வாயத் தொறக்க மாட்டான்." கைதட்டல்.

திங்கட்கிழமை நான் போனேன். வேலை கேட்க இல்லை. போகிறதுதான் போகிறது, நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்று. "ஒரு வருஷமா தொட்டிய எட்டிப் பாத்ததத் தவிர நீரு என்ன செஞ்சீரு?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறபோதே தெருவில் இரைச்சல்.

சங்கு குளிக்கிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். உடம்பில் உப்பு காயாத ஆட்கள். முன்னால் வந்தவர் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தது எங்கள் ரேடியோவை. அது பாடிக்கொண்டிருந்தது! பின்னால் பாதி ஊர், சப்பரத்துக்குப் பின்னால் வருகிற மாதிரி.

"இது யாருதுவே?" என்றார் அவர். "விடிய முன்னால, கடலுக்கடியில சங்கு கெடக்கிற பாருக்குப் போயி நங்கூரம் போட்டோம். சுத்தி ஒரு தோணி கெடையாது. திடீர்னு தண்ணிக்குள்ள இருந்து ஒரு பொம்பள பாடுதா! எங்க ஆளு ஒருத்தன் சங்குப் பையப் போட்டுட்டு முழங்கால் போட்டுட்டான். கிட்டப் போயி பாத்தா இந்தப் பெட்டி."

ராத்திரி ரேடியோ ஸ்டேஷன் மூடுகிறபோது அதுவும் வாயை மூடியிருக்கிறது. காலையில் ஸ்டேஷன் திறந்ததும் நடுக்கடலில் கண் விழித்துப் பாட ஆரம்பித்திருக்கிறது. ஒரு பகல், ஒரு ராத்திரி கடலில் கிடந்த ரேடியோ! மந்திரமூர்த்தி அண்ணன் அதை வாங்கித் தன் சட்டையாலேயே துடைத்தார். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. நண்டும் இல்லை.

"எனக்கொண்ணு" என்றார் சங்கு குளிக்கிறவர். "எனக்கு" என்றான் லூர்து அண்ணன், எல்லோரையும் இடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவ்வளவு கூச்சல். செய்து முடிப்பதற்குள் புன்னைக்காயலிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டது. கூரை முட்டக் கிடந்த பழைய பெட்டிகளை, 'இது வீட்டுக்கு, அது வள்ளத்துக்கு' என்று சொல்லி நானே தள்ளிவிட்டேன். செல்வின் தன் முதலாளிக்குத் தெரியாமல் ஒன்று வாங்கிப் போனான். நாசரேத் சித்திக்கு வேறு கையாள் கிடைத்தாள். அடுத்த வருடம் என் மேசையில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சூட்டுக் கம்பி பிடித்தார்கள். என்னத்தளா கிழிக்கப் போற என்று கேட்டவர்கள் பெற்ற பிள்ளைகள்தான்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும், யாராவது வீடு கட்டப் போகிறேன் என்றாலும், மகன் வெளிநாடு போகப் போகிறான் என்றாலும், லூர்து அண்ணன் கேட்பது ஒரே கேள்விதான்: "பாடுமா, மெதக்க மட்டும் செய்யுமா?" கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் திங்கட்கிழமை, இரைச்சலுக்கு நடுவே அண்ணாச்சி ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒரு நாள் முழுக்கக் கடல்ல போட்டுச் சோதிக்காம விக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்!" சொல்லிவிட்டுக் கீழே இறங்கி என் காதில், "போயி வேலயப் பாருளா" என்றார். மன்னிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. வேலை இருந்ததால் நானும் போய்ப் பார்த்தேன்.

கம்பெனிகள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று அந்த மாணவன் கேட்டது நல்ல கேள்வி. அண்ணாச்சி சொன்ன காரணங்கள் மூன்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன். சரக்கு தேங்கும், எதிரி முந்துவான், ஊர் துப்பும். மூன்றையும் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். ஆனால் நான்காவது ஒன்று இருக்கிறது. அதை எந்த முதலாளியும் மேடையில் சொல்ல மாட்டான். வெளியே சொல்லிவிட்டால் செய்தே ஆக வேண்டும். சொல்லாத வரைக்கும், 'இன்னும் கொஞ்சம் பாப்போம்' என்று ஆயுசு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சில ரகசியத்துக்குள் சரக்கு இருக்கும். சில ரகசியத்துக்குள் பயம் மட்டும்தான் இருக்கும்.

அடுத்த மாதம் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம், அண்ணாச்சி. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். காது கேட்கவில்லை என்று தப்பிக்க முடியாது, கேள்வியை இங்கேயே அச்சில் கொடுத்துவிட்டேன்: நான் அன்றைக்குக் கத்தாமல் இருந்திருந்தால், அந்த ரேடியோவை எந்த வருடம் கடைக்குக் கொண்டுவந்திருப்பீர்கள்?

ஒரு வருடத்தைச் சொல்லுங்கள். மைக்கில் சொல்லுங்கள். உதட்டை மட்டும் அசைக்க வேண்டாம்.